ஒரே அளவுச் சட்டை

பிப்ரவரி 11

டேய்,

தம்பி என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கொலைவெறி வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். உன் விலாசத்தை அம்மா தரமாட்டேன் என்றாள். அடுப்படியில் மடக்கி வைத்துக் கத்தித்தான் பிடுங்கினேன். ஐஸ் கம்பெனியில் ஒளிந்திருக்கிறாயாமே. நல்ல இடம். உடம்பு கெடாது.

மெஷினைப் போட்டது நீ. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அந்த அரவைக் கூடத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். போலீசுக்கு மட்டும் தெரியாது. கம்பெனி எழுதிக் கொடுத்ததில் உன் பேச்சே இல்லை. பழைய பிளாஸ்டிக் வாளியையும் நாற்காலியையும் தூளாக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் மாமா தொட்டிக்குள் இறங்கினாராம். அவருடைய அஜாக்கிரதையாம். வீட்டில் பல்பு மாட்டுவதற்கே மெயினை அணைத்துவிட்டு, அணைத்தது நிஜம்தானா என்று என்னைப் போய்ப் பார்த்துவரச் சொல்கிற மனுஷனுக்கு அஜாக்கிரதை! செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார் என்ற தைரியம் அவர்களுக்கு.

என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாது என்று உன் மாமா என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த மூடியின் சுவிட்சைக் கம்பியால் இழுத்துக் கட்டி, திறந்தபடியே ஓட்டினார்களாம். ஆனால் பார்க்க வந்த அதிகாரி கம்பி எதையும் காணவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சோடாபுட்டியிடம் கேட்கலாம் என்று போனேன். ஃபோர்மேனாக இருந்து என்ன, என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போய்விட்டான்.

வக்கீலம்மா ஒருவரைப் பார்த்தேன். "கம்பியைக் கண்ணால பாத்தவங்க ஒரே ஒருத்தர் வந்து சொல்லட்டும். முதலாளியை நான் கூண்டுல ஏத்துறேன்" என்றார்.

கம்பி இருந்ததா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது. உன் நலம் எதையும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமாவின் மனைவி


பிப்ரவரி 20

அக்கா,

இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். அதைக் கோர்ட்டில் வந்து சொல் என்று மட்டும் கேட்காதே.

எழுத்து கோணலாக இருக்கும், இது இடது கை. வலது கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முழங்கை நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. மாமாவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அன்று உன் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மாமாவின் அண்ணன் லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் அடி முதுகில். அடுத்த அடிக்குக் கையைத் தூக்கினேன். எலும்பு முறிந்தது காதில் கேட்டது, வலி அதற்கப்புறம்தான் வந்தது. கீழே விழுந்த பிறகும் அதே இடத்தில் மிதித்தார். பூட்ஸ் காலால். நீ வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

போகட்டும். வழக்குப் போட்டு என்ன செய்யப் போகிறாய் அக்கா? மாமா வந்துவிடுவாரா? முதலாளி வருஷக்கணக்கில் இழுப்பான். நீ தையலை விட்டுவிட்டுக் கோர்ட் வராந்தாவில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாமாவை மறுபடி அந்தத் தொட்டிக்குள் இறக்குவார்கள். குடித்திருந்தார் என்பார்கள். உனக்கும் அவருக்கும் சண்டை, வேண்டுமென்றே விழுந்தார் என்றுகூடச் சொல்வார்கள். அதற்கென்றே கூலி வாங்குகிற ஆட்கள் அவர்கள். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு பாப்பாவைப் படிக்க வை.

இதெல்லாம் உன் நன்மைக்காக எழுதுகிறேன் என்று நடிக்க விரும்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கம்பியைப் பார்த்தேன் என்று சொன்னால், லீவரைப் போட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். நான் உள்ளே போய்விடுவேன்.

தம்பி


மார்ச் 1

பயமாக இருக்கிறதாம் துரைக்கு.

ஆமாம், வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன நினைத்தேன் என்றும் தெரிந்துகொள். தலையில் போடாமல் கையில் போடுகிறாரே என்று நினைத்தேன். அந்தக் கம்பியை வாங்கி நானே போடலாமா என்று நினைத்தேன். பாப்பா என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால் நீ உயிரோடு இருக்கிறாய்.

உன் கையை உடைத்த அந்த வீரர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? அவருடைய லாரிக்குக் கம்பெனி லோடு கிடைத்திருக்கிறது. முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். நேற்று என்னிடம் வந்து, "கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடும்மா. செத்தவன் செத்துட்டான்" என்றார். உன்னை அடிக்கும்போது, என் தம்பி என் தம்பி என்று மார்பில் அடித்துக்கொண்டவர்தான்.

மேனேஜரும் வந்தான். பழப்பையோடு. என் வெட்டுமேசை மேல் ஒரு காகிதத்தை விரித்தான். இனிமேல் கம்பெனியிடம் எதுவும் கேட்கமாட்டேன், கணவர் தன் தவற்றால் இறந்தார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஒரு தொகை. அது போக, கொசுறு மாதிரி ஒன்று சொன்னான்: "மெஷினைப் போட்டது யாருன்னு நாங்க இதுவரைக்கும் வாயைத் திறக்கல. கேஸுன்னு போனீங்கன்னா திறக்க வேண்டியிருக்கும். அப்புறம் உங்க இஷ்டம்."

ஆக, உன்னைப் பணயம் வைத்து என் வாயை அடைக்கிறார்கள். நீயும் அங்கிருந்து அதையே எழுதுகிறாய். முதலாளி உனக்குத் தனியாகச் சம்பளம் ஏதும் போடுகிறானா?

பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். எவளோ ஒருத்தி, "உங்கப்பா தானாப் போய் மெஷின்ல விழுந்துட்டாராமே, லூசா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் பென்சிலால் அவள் கன்னத்தைக் கிழித்திருக்கிறாள். கொஞ்சம் மேலே போயிருந்தால் கண். டீச்சர் சொல்லச் சொல்ல இவள் முறைத்துக்கொண்டே நிற்கிறாள். எனக்கு இவளை அடிக்கவும் தோன்றவில்லை, கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. இதற்குத்தான் வழக்குப் போடுகிறேன். காசுக்காக இல்லை. என் புருஷனைக் கொன்றதும் இல்லாமல் அவரை முட்டாளாகவும் ஆக்கிப் புதைத்திருக்கிறார்கள். அதை மட்டும் நான் விடமாட்டேன்.

இன்னொன்று. பெட்டியைத் திறக்க என்னை விடவில்லை. உள்ளே என்ன இருந்தது, அவர் எப்படிப் போனார் என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. கூட இருந்தவன் நீ. எதையும் மறைக்காமல் எழுது. கொன்றவனுக்கு அந்தக் கடமையாவது இருக்கிறது.


மார்ச் 9

அக்கா,

கேட்டுவிட்டாய். பாப்பா பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டுப் படி.

தொட்டி ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அடியில் கத்தி உருளை. பழைய சாமான்களோடு கயிறும் சாக்கும் வந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். அப்போதெல்லாம் ஒருத்தன் உள்ளே இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். மூடியைத் திறந்தால் கரண்ட் கட்டாகும், மறுபடி ஓடவிட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் முதலாளி சொல்லி, சோடாபுட்டி கம்பியைக் கட்டினான். கட்டின பிறகு எங்களுக்கு என்ன பாதுகாப்பு? நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். உள்ளே இறங்குகிறவன் தன் சட்டையைக் கழற்றி லீவரில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். யார் சட்டை தொங்குகிறதோ அவன் உள்ளே. அவனே வந்து எடுக்கிற வரைக்கும் வேறு எவனும் லீவரைத் தொடக்கூடாது. கட்டம் போட்டது மாமா, கோடு போட்டது நான், காலர் கிழிந்தது சோடாபுட்டி. ஒரு நாள்கூடத் தப்பு நடந்ததில்லை.

அன்றைக்குக் காலையில் இறங்கியது நான். அறுத்துவிட்டு மேலே வந்தேன். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் தூள், அரிப்பு தாங்கவில்லை. சட்டையை எடுக்காமல் அப்படியே குழாயடிக்குப் போய்விட்டேன். வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று. நான் போன பிறகு மாமா எட்டிப் பார்த்திருக்கிறார், கயிறு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கிறது. என் சட்டையை எடுத்து மடித்துச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, தன் சட்டையை லீவரில் மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். முறைப்படிதான் செய்தார் அக்கா. ஒரு இம்மி பிசகவில்லை.

நான் திரும்பி வந்தேன். லீவரில் நீலச் சட்டை. என் சட்டை என்று எடுத்துப் போட்டேன். சரியாகப் பொருந்தியது. பட்டனைப் போட்டேன். லீவரைத் தள்ளினேன்.

வாளி உடைகிற சத்தம் எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை. என்ன என்று புரியாமல் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. உள்ளே கிராம்பு. பீடியை விட்டதிலிருந்து மாமா வாயில் அடக்கிக்கொள்வாரே, அந்தக் கிராம்பு.

ஏறிப் பார்த்தேன். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கீழே இடுப்புவரைக்கும் போயிருந்தது. அவர் கத்தவில்லை, வாய் திறந்திருந்தது, பக்கத்து மெஷின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ. நான் அவர் கையைப் பிடித்தேன். இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். உருளை என்னைவிடப் பலமாக இழுத்தது. என் முகமெல்லாம் அவர் ரத்தம். லீவர் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. நான் கையை விட்டுவிட்டு லீவருக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. விட மனசு வரவில்லை. கடைசியில் அவர் கை மட்டும் என் கையில் இருந்தது.

யாரோ மெஷினை அணைத்தார்கள். சோடாபுட்டி ஓடிவந்தான். ஆம்புலன்சைக் கூப்பிட வந்தான் என்று நினைத்தேன். கையில் கட்டிங் பிளேயர். மாமா உள்ளே அப்படிக் கிடக்கும்போதே மூடியில் இருந்த கம்பியை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் போனை எடுத்தான். அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

போதுமா? இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கட்டத்தையும் கோட்டையும் ஒழித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே நீலத்தில் சட்டை தைத்துக் கொடுத்தது யார்? கம்பெனி ஆர்டர் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது யார்? மாமாவுக்கும் எனக்கும் ஒரே அளவு வைத்து வெட்டியது யார்? அது என் சட்டை இல்லை என்று என் உடம்புக்கே தெரியவில்லை அக்கா. அத்தனை கச்சிதமாகத் தைத்திருந்தாய்.

கொன்றவன் நான்தான். கூலிக்கு ஆயுதம் செய்து கொடுத்தவள் நீ.


ஏப்ரல் 2

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். பிறகு உள்ளே வந்து, அலமாரியில் மிச்சம் இருந்த நீலத் துணியை எடுத்து வெட்டினேன். துண்டு துண்டாக, விரல் அளவு, நகம் அளவு. கத்தரிக்கோல் கட்டைவிரலைப் பிடித்ததுகூடத் தெரியவில்லை. பாப்பா வந்து தரையெல்லாம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அலறினாள்.

நீ கேட்டது நியாயம். மாமாவுக்கும் உனக்கும் தோள் ஒன்று, நீளம் ஒன்று. இரண்டு துணியையும் ஒன்றாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் வெட்டினேன். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அதைப் பார்த்துவிட்டு உன் மாமாதான் சொன்னார், "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எங்களுக்கு ஆகாது. காலருக்குள்ள ஆளுக்கு ஒரு கலர் நூல் போட்டுடு" என்று. நானும் சிவப்பு, மஞ்சள் என்று நூலெல்லாம் எடுத்துவைத்தேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குறவங்க வந்து பாக்கும்போது பட்டாளம் மாதிரி இருக்கணும். நூலும் வேணாம் கீலும் வேணாம்" என்றான். எதற்கு நூல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆர்டர் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். உன் மாமாவிடம், அப்புறம் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

போன வாரம் அதே மேனேஜர் அதே காகிதத்தோடு வந்தான். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். "புருஷனா, தம்பியா? ரெண்டுல ஒண்ணுதான் உங்களுக்கு. செத்தவரை விடுங்க, இருக்கிறவனைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தின் மேல் உள்ளங்கையை ஊன்றி என் பக்கம் தள்ளினான். அந்தக் கையில் ஒரு மோதிரம். நூல் வேண்டாம் என்று ஆட்டின கை. இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்து என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். தோல் கருகுகிற நாற்றம் வந்தது. அவன் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டதாம். பெட்டியை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது.

ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். பாப்பா நம் அம்மாவோடு வெளியே நின்று ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பெட்டிக்குள், அம்மா கம்பிக்குப் பின்னால், மாமன் எங்கோ. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. கம்பெனி ஆள் வந்து, கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், உன் தம்பி பேச்சையும் எடுக்கமாட்டோம் என்கிறான்.

போட்டுவிடப் போகிறேன். மாதக் கடைசிவரை தவணை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன்னை உள்ளே தள்ளி அவர் பெயரைக் காப்பாற்ற எனக்குத் திராணி இல்லை. நீ அங்கேயே இரு. கையை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு.


ஏப்ரல் 10

அக்கா,

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் கிடைக்கும் முன் போட்டிருந்தால், போய் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போடு.

இங்கே ஐஸ் கட்டியை நொறுக்குகிற மெஷின் ஒன்று இருக்கிறது. முள் வைத்த உருளை, மேலே தடுப்புக் கதவு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே பார்த்தேன், அந்தக் கதவின் சுவிட்சில் கம்பி கட்டியிருந்தது. அதே மாதிரி, அதே முறுக்கு. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒளிந்து பிழைக்க வந்தவன், நமக்கு எதற்கு வம்பு என்று இருந்தேன்.

முந்தாநாள் ஐஸ் சிக்கிக்கொண்டது. என்னோடு வேலை பார்க்கிறவன், கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, எப்போது பார்த்தாலும் பாடிக்கொண்டே இருப்பான், கையை விட்டுத் தள்ளினான். பாட்டு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் முழங்கைவரை உள்ளே. ஐஸ் தூள் சிவப்பாகப் பறக்கிறது. அவன் என்னைப் பார்த்து இன்னொரு கையை நீட்டினான் அக்கா. என்னைப் பிடி என்று. அந்தக் கையைப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இந்த முறை லீவருக்குத்தான் ஓடினேன். மெஷின் நின்றது. கை போய்விட்டது, ஆள் பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி என் காலில் விழப் பார்த்தாள். நான் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

அவனைத் தூக்கும்போது சூப்பர்வைசர் வந்தான். துணி கொண்டுவரவில்லை, தண்ணீர் கொண்டுவரவில்லை. கட்டிங் பிளேயரோடு வந்து நேராகக் கம்பிக்குப் போனான். எனக்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஒழுங்காக ஞாபகம் இல்லை. ஐஸ் இழுக்கிற கொக்கி என் இடது கையில் இருந்தது. அவன் தோளில் அது இறங்கியது தெரியும். அவனை அந்தக் கொக்கியோடு கதவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, போலீஸ் வருகிறவரைக்கும் கம்பியை எவனையும் தொடவிடவில்லை. இங்கே கம்பி அப்படியே சாட்சிக்கு இருக்கிறது. என் மேலும் ஒரு கேஸ் இருக்கிறது, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். பரவாயில்லை.

வழக்குப் போட்டால் மாமா வரமாட்டார் என்று எழுதினேன். அது நிஜம்தான். ஆனால் போடாவிட்டால் அடுத்தவன் போவான். நீ கையெழுத்துப் போட்ட மறுநாள் அந்தக் கூடத்தில் ஒருத்தன் நீலச் சட்டையைக் கழற்றி லீவரில் மாட்டிவிட்டு இறங்குவான். அதை நீயும் நானும் தெரிந்தே செய்ததாகும்.

நான் வருகிறேன். லீவரைத் தள்ளியது நான் என்று சொல்கிறேன், கம்பியை வெட்டியது யார் என்றும் சொல்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது என்றால் இரண்டையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கோர்ட்டுக்குப் போட என்னிடம் சட்டை இல்லை. எந்தச் சட்டையும் இந்த முழங்கையைத் தாண்டி ஏறமாட்டேன் என்கிறது. மாமாவின் சட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது, கறையோடு. அதை வக்கீலம்மாவிடம் கொடுக்க எடுத்துவருகிறேன். அதைப் போட்டுக்கொள்ளமாட்டேன்.


ஏப்ரல் 16

தம்பி,

போடவில்லை. காகிதம் அடுப்பில் போய்விட்டது.

முழங்கை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று ஒழுங்காக எழுதமாட்டாயா? குத்துமதிப்பாக வைத்து வலது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்து, பட்டன் வைத்துத் தைத்திருக்கிறேன். நீட்ட வேண்டாம், மடக்க வேண்டாம், கையைச் சுற்றி மூடினால் போதும். வெள்ளையில் மெல்லிய பச்சைக் கோடு. உனக்குக் கோடுதான் பிடிக்கும்.

பின்வாசல் வழியாக வா. லாரிக்காரர் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், ஜாக்கிக் கம்பியோடுதான். இந்தத் தடவை அவர் கையை ஓங்கினால் நான் சும்மா நிற்கமாட்டேன். இஸ்திரிப் பெட்டி சூடாகத்தான் இருக்கும்.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

சிறையிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கை இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

கூண்டில் ஏறி, "லீவரைப் போட்டது நான்தான்" என்றேன், கம்பியைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன். இறங்கியதும் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சொன்னதற்குப் பலன் ஏதாவது உண்டா, இல்லை என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனா? அதை மட்டும் எழுது.

இங்கே ஒரு தொந்தரவு. நீ தைத்த சட்டையை வாங்கி வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி, தொளதொளவென்று அரைக்கை வைத்த வெள்ளைச் சட்டை. துவைத்துக் குவியலாகக் கொட்டுவார்கள், கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு எடுக்கக் கை போகவில்லை. வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தேன். வார்டன் லத்தியால் முதுகில் போட்டார். அடிக்கட்டும் என்று இருந்தேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள். யாரோ ஒருத்தன் எனக்காகப் பிடித்து மாட்டிவிடுகிறான். பைக்குள் கையே விடுவதில்லை.


செப்டம்பர் 14

தம்பி,

நடந்ததைச் சொல்கிறேன்.

நீ போன பிறகு கம்பெனி வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றினான். "தன் சட்டை எதுன்னு ஒரு ஆளுக்குத் தெரியாதாம்மா? கதை நல்லா இருக்கு" என்று சிரித்தான். அன்று சாக்கின் மேல் கிடந்த உன் சட்டையையும் சோடாபுட்டியின் சட்டையையும் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் என் முன்னால் வீசி, "இதுல உங்க தம்பி சட்டை எது, எடுங்க" என்றான். எடுத்துவிடுவேன், உன்னைப் பொய்யன் ஆக்கிவிடலாம் என்று கணக்கு. நான் காலரைப் பார்த்தேன், கைமடிப்பைப் பார்த்தேன், உள்தையலைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் என் கை, அளவிலும் வித்தியாசம் தெரியவில்லை. "தெரியலங்க" என்றேன். "தைச்சது நான்தான். எனக்கே தெரியல. தெரியணும்னுதான் நூல் போடக் கேட்டேன், இதோ உக்காந்திருக்காரே, இவர்தான் வேணாம்னாரு" என்று மேனேஜரைக் காட்டினேன். அவன் வெந்த கையை மடியில் மறைத்துக்கொண்டான். வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

நீதிபதி அப்போதே ஆள் அனுப்பி அரவைக் கூடத்தைப் பார்க்கச் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். மூடியில் புதுக் கம்பி. அன்று காலையில் கட்டியது. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதலாளி சொன்னாரு" என்று அழுதான். எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. முதலாளி உள்ளே இருக்கிறார், ஜாமீனுக்கு அலைகிறார்கள். உன் மாமா தன் தவற்றால் சாகவில்லை என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். பாப்பா அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய் டீச்சர் மேசை மேல் வைத்துவிட்டு வந்தாள். மேல்கோர்ட்டுக்குப் போவார்களாம். போகட்டும். நானும் போவேன். கை சுட்டதற்கு எனக்கு அபராதம், கட்டிவிட்டேன்.

நேற்று உன் வார்டனைப் பார்க்க வந்தேன். உன்னைப் பார்க்க நாள் இல்லை என்றார். உன்னைப் பார்க்க வரவில்லை, சட்டையைப் பார்க்க வந்தேன் என்றேன். சிரித்தார். உன் மாமாவுக்கு நடந்தது முழுவதையும் உட்கார்த்திவைத்துச் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய் உனக்கென்று இரண்டு சட்டையைத் தனியாக எடுத்துவந்து மேசை மேல் போட்டார். அங்கேயே, அவர் கண்முன்னே, காலருக்குள் சிவப்பு நூலால் தைத்தேன். உன் மாமாவுக்கென்று எடுத்துவைத்து, நான் போடாமல் விட்ட அதே நூல். தையல் கொஞ்சம் கோணிவிட்டது.

இனிமேல் குவியலுக்குப் போகாதே. காலரைத் திருப்பிப் பார். நூல் இருந்தால் அது உன் சட்டை, தைரியமாகப் போட்டுக்கொள். பைக்குள் கையை விடு. ஒன்றும் இருக்காது, நான் பார்த்துவிட்டேன்.

உன் அக்கா